பறவை, மரம், ஆமைன்னு அலையுற ஸ்டாஃப தெரிஞ்சுக்கறது எப்படி

பத்து பேர் வேலை பாக்குற எந்த இடமா இருந்தாலும் அதுல இப்படி ஒருத்தர் இருப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் எந்தப் படம், எந்த மால்னு பேசிட்டு இருக்கும்போது அவங்க மட்டும் போன்ல மழை வருமா வராதான்னு பாத்துட்டு இருப்பாங்க, ஏன்னா ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஏதோ ஒரு ஏரிக்கரையில நிக்கணும். திங்கக்கிழமை வரும்போது ஷூ ஓரத்துல காஞ்ச சேறு இருக்கும். பையில டிஃபன் பாக்ஸ் பக்கத்துல பைனாகுலர் இருக்கும். யாராச்சும் கேட்டா "சும்மா, நேச்சர் பிடிக்கும்"னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க, நம்மளும் "ஓ சூப்பர்"னு சொல்லிட்டு நம்ம வேலைய பாக்கப் போயிடுவோம். வருஷக்கணக்கா பக்கத்து சீட்ல உக்காந்து வேலை பாத்திருப்போம், ஆனா அந்த ஆளுக்கு எது உயிர்னு தெரிஞ்சிருக்காது.

நான் சென்னைல ஐடி கம்பெனிங்க நிறைய இருக்கற ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் ஒரு டீம பாத்துக்கறேன். டீம் லீட், ஹெச்ஆர், சின்னதா கடையோ கம்பெனியோ நடத்துறவங்க, ஸ்கூல் ஹெட்மாஸ்டர், இப்படி நாலு பேர கூட வச்சு வேலை வாங்குற எல்லாருக்காகவும்தான் இத எழுதறேன். இந்த மாதிரி ஆளுங்கள ஃபார்ம் குடுத்து "ஹாபி என்ன"ன்னு கேட்டு தெரிஞ்சுக்க முடியாது. அவங்க ஆர்வம் எந்த இடத்துல, எந்த நேரத்துல நடக்குதோ அங்க நம்ம ஒரு தடவையாவது போய் நிக்கணும், அதுக்கு முன்னாடி கொஞ்சம் தயார் ஆகணும், அதுக்கு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டத பத்திரமா வச்சுக்கணும்.

முதல்ல, எந்த நேச்சர்?

"இயற்கை பிடிக்கும்"ங்கறது ரொம்ப பெரிய வார்த்தை. அதுக்குள்ள பறவை பாக்குறவங்க தனி, பட்டாம்பூச்சி தனி, மரத்த பாத்து பேர் சொல்றவங்க தனி, மொட்டை மாடியில நாட்டு விதை வச்சு கத்தரிக்காய் வளர்க்கறவங்க தனி, பாம்பு வீட்டுக்குள்ள வந்தா போய் பிடிச்சு விடுறவங்க தனி, ராத்திரி வெள்ளைத் துணி கட்டி லைட்டு போட்டு அந்துப்பூச்சி பாக்குறவங்க கூட இருக்காங்க. கடல் உள்வாங்குற நேரம் பாத்து பாறை இடுக்குல நண்டும் சிப்பியும் பாக்கப் போறவங்க இருக்காங்க. இவங்க எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டி "நம்ம ஆபீஸ் நேச்சர் லவ்வர்"னு சொல்லும்போதே அவங்களுக்கு நம்ம மேல பாதி நம்பிக்கை போயிடும். மலையேறப் போறவர்கிட்ட போய் செடிக்கு என்ன உரம் போடலாம்னு கேட்டா அவர் என்னதான் சொல்வார் பாவம்.

அதனால கேக்கறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு வாரம் சும்மா கவனிங்க. போன் வால்பேப்பர் என்ன, ஸ்டேட்டஸ்ல என்ன வைக்கிறாங்க, நடந்து போகும்போது மேல பாக்குறாங்களா கீழ பாக்குறாங்களா (மேல பாத்தா பறவையோ மரமோ, கீழ பாத்தா பூச்சியோ செடியோ, பெரும்பாலும் சரியா இருக்கும்), லீவு எந்த மாசத்துல கேக்கறாங்க, அதெல்லாம். ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் சனிக்கிழமை காலைல கண்ணு சிவந்து தூக்கக் கலக்கமா வர்ற ஒருத்தர் சென்னைல இருந்தா, அவர் வெள்ளிக்கிழமை ராத்திரி கடற்கரையில ஆமை முட்டை தேடி நடந்துட்டு வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்னு ஒரு தன்னார்வ அமைப்பு 1988-லேர்ந்து இத பண்ணிட்டு இருக்கு, நீலாங்கரைலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் மணல்ல நடப்பாங்க, பங்குனி ஆமை முட்டையிட்டு மூடிட்டுப் போன குழிய கண்டுபிடிச்சு முட்டைய பத்திரமா எடுத்துட்டுப் போய் வேலி போட்ட இடத்துல திரும்பப் புதைப்பாங்க. ஒரு குழியில நூறு முட்டை கிட்ட இருக்கும். இது தெரியாம நம்ம "நைட்டெல்லாம் சுத்திட்டு வர்றான்"னு நினைச்சிட்டு இருப்போம்.

என்ன கேக்கலாம்

"உனக்கு ஏன் நேச்சர் பிடிக்கும்?" இத மட்டும் முதல் கேள்வியா கேக்காதீங்க. யாராலயும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது, இன்டர்வியூ மாதிரி இருக்கும். அதுக்கு பதிலா போன வாரம் நடந்தத கேளுங்க. இடம் கேளுங்க, பொருள் கேளுங்க.

"தம்பி, ஞாயித்துக்கிழமை எங்க போன?"

"சும்மா பள்ளிக்கரணை வரைக்கும் போனேன் அக்கா."

"என்ன கிடைச்சது?"

இந்த "என்ன கிடைச்சது"ல விஷயம் இருக்கு. "புலி பாத்தியா, யானை பாத்தியா"ன்னு கேட்டா அவங்க சிரிச்சிட்டு பேச்ச முடிச்சிடுவாங்க, ஏன்னா அவங்க பாத்தது ஒரு விரல் நீளப் பறவையா இருக்கும், நம்ம புலிக்கு பக்கத்துல அத சொல்ல அவங்களுக்கு கூச்சமா இருக்கும். பொதுவா கேட்டா அவங்களே சொல்வாங்க. அவங்க சொல்ற பேர் புரியலன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டாதீங்க, "எப்படி இருக்கும், போட்டோ இருக்கா, காட்டு"ன்னு கேளுங்க. போன எடுத்து காட்ட ஆரம்பிச்சாங்கன்னா கதவு திறந்தாச்சுன்னு அர்த்தம். அவங்க காட்டும்போது நம்மளே விரல வச்சு தள்ளித் தள்ளி பாக்காதீங்க, ஒவ்வொரு படத்துக்கும் அவங்ககிட்ட ஒரு கதை இருக்கும், அத சொல்ல விடுங்க.

இன்னொரு நல்ல கேள்வி, "நம்ம ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து என்னெல்லாம் தெரியும்?" எங்க டீம்ல இருக்கற தம்பிகிட்ட இத கேட்டப்போ அவர் ஒண்ணும் பேசாம என்ன கிழக்கு பக்க கண்ணாடிகிட்ட கூட்டிட்டுப் போனார். காலைல பதினோரு மணி வாக்குல இருக்கும், வெயில் ஏறிடுச்சு. தூரத்துல வானத்துல புள்ளி புள்ளியா ஏதோ தெரிஞ்சது, பருந்துன்னு நினைச்சேன், அவர் பைனாகுலர குடுத்தார், பாத்தா கூழைக்கடா (பெலிகன்), ஒரு முப்பது நாப்பது இருக்கும், ஒண்ணு கூட இறக்கைய அடிக்கல, அப்படியே விரிச்சு வச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி மேல ஏறிட்டு இருந்தது, திரும்பும்போது எல்லாம் ஒண்ணா வெள்ளையா மின்னும், அடுத்த நொடி சாம்பல் ஆகும். தரை சூடாகி மேல எழும்புற காத்துல ஏறி உயரம் போயிட்டு அங்கேர்ந்து அடுத்த ஏரிக்கு சறுக்கிட்டே போகும், அவ்ளோ பெரிய உடம்ப தூக்கிட்டு இறக்கை அடிச்சிட்டே போனா கட்டுப்படி ஆகாதுன்னு அவர் சொன்னார். தினமும் அந்த நேரத்துல ஸ்டேட்டஸ் கால் ஓடிட்டு இருக்கும். அவர் அந்த கால்ல எப்பவும் ஜன்னல பாத்து உக்காருறது ஏன்னு எனக்கு அன்னிக்குதான் புரிஞ்சது.

கேக்கக் கூடாததும் சொல்லிடறேன். "இதுல காசு வருமா, யூட்யூப் சேனல் ஆரம்பிக்கலாமே", "கல்யாணம் ஆனா இதெல்லாம் நின்னுடும்", "எனக்கும் நேச்சர்னா உயிர், போன மாசம்தான் ஊட்டி ரிசார்ட் போய் வந்தோம்". இந்த மூணும் பேச்ச அங்கயே கொன்னுடும். கடைசி ஒண்ணு நல்ல மனசோட சொல்றதுதான், ஆனா அதுக்கப்புறம் பேச்சு முழுக்க நம்ம ஊட்டி ட்ரிப்பா ஆயிடும். பொண்ணுங்ககிட்ட "தனியாவா காட்டுக்கு போற, பயமா இல்லையா, வீட்ல விடுறாங்களா"ன்னு கேக்கறத தயவு செஞ்சு விட்டுடுங்க. அவங்க அந்த கேள்விய ஏற்கனவே அம்மா, அத்தை, பஸ் கண்டக்டர்னு எல்லார் வாயிலேர்ந்தும் கேட்டுட்டுதான் வந்திருப்பாங்க.

நம்மளும் கொஞ்சம் கத்துக்கணும்

அவங்க அளவுக்கு வேண்டாம், நம்ம தெருவுல இருக்கற ஒரு பத்து பறவை, அஞ்சு மரம் போதும். சென்னைல ஆபீஸ் வாசல்ல நின்னாலே மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, சின்னான், பச்சைக்கிளி, செம்பருந்து, தண்ணி தேங்கின இடத்துல மடையான், புதர் இருந்தா செண்பகம், இவ்ளோ கிடைக்கும். மரத்துல புங்கம், வேம்பு, தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, பூவரசு. மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க போட்டது, ஃப்ரீ, போன நீட்டினா பறவை சத்தத்த கேட்டு பேர் சொல்லும், சில சமயம் தப்பாவும் சொல்லும். அந்த தப்பு கூட நல்லதுதான், "மெர்லின் இப்படி சொல்லுது, சரியா தம்பி?"ன்னு கேட்டா அவங்க முகம் மலரும் பாருங்க. செடி, பூச்சிக்கு ஐநேச்சுரலிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, படம் எடுத்து போட்டா தெரிஞ்சவங்க பேர் சொல்வாங்க. உங்க ஸ்டாஃப் ஏற்கனவே அதுல பல வருஷமா இருக்க வாய்ப்பு உண்டு.

அவங்க பேச்சுல வர்ற சில வார்த்தைகளும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. "லைஃபர்"னா வாழ்க்கையில முதல் தடவையா பாத்த பறவை. "லிஸ்ட் போட்டேன்"னா ஈபேர்ட்னு ஒரு ஆப்ல அன்னிக்கு பாத்த பறவைய எல்லாம் எண்ணிக்கையோட ஏத்தினேன்னு அர்த்தம். "மைக்ரேஷன் ஆரம்பிச்சிடுச்சு"ன்னா வடக்கேர்ந்து பறவைங்க வலசை வர ஆரம்பிச்சிடுச்சு, இனிமே மார்ச் வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஆள் கிடைக்காது. "லைஃபர் கிடைச்சது"ன்னு திங்கக்கிழமை ஒருத்தர் சொன்னா அது சின்ன விஷயம் இல்ல, அன்னிக்கு டீ நீங்க வாங்கிக் குடுங்க.

ஒரு தடவ கூட போங்க

இதுதான் முக்கியம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். நாலு மாசம் டீ குடிச்சிட்டே பேசி தெரிஞ்சுக்கறத விட ஒரு காலைல ரெண்டு மணி நேரம் கூட நடந்தா அதிகமா தெரியும். ஆனா நம்மளே "நானும் வர்றேன்"னு தலைய குடுக்கக் கூடாது. நிறைய பேர் வாரம் முழுக்க ஆபீஸ் சத்தத்துல இருந்துட்டு தனியா இருக்கறதுக்காகத்தான் அங்க போறாங்க, அங்கயும் மேனேஜர் வந்து நின்னா எப்படி இருக்கும். "என்னிக்காச்சும் புதுசா வர்றவங்கள கூட்டிட்டு போற மாதிரி வாக் இருந்தா சொல்லு, வர்றேன்"னு சொல்லி விட்டுடுங்க. கூப்பிடலன்னா ரெண்டாவது தடவ கேக்காதீங்க.

கூப்பிட்டாங்கன்னா அவங்க சொல்ற நேரத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்க. ஆறு மணின்னா ஆறு மணிதான், பறவை நமக்காக காத்திருக்காது, ஏழரை எட்டு ஆச்சுன்னா வெயில் ஏறி எல்லாம் நிழலுக்குள்ள போயிடும். பளிச்சுன்னு சிவப்பு, மஞ்சள், வெள்ளை சட்டை வேண்டாம், மண் கலர், இலை கலர் மாதிரி மங்கலா போடுங்க. சென்ட் அடிக்காதீங்க. போன சைலன்ட்ல போடுங்க. தண்ணி பாட்டில், தொப்பி, கடிக்க ஏதாச்சும் டப்பாவுல (பிளாஸ்டிக் கவர் சலசலன்னு சத்தம் போடும், அதோட அத அங்க போட்டுட்டு வந்துட்டா உங்கள அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க). அவங்க நின்னா நில்லுங்க. கைய நீட்டி "அதோ அதோ"ன்னு கத்தாதீங்க, மெதுவா "ரெண்டாவது மரம், இடது பக்க கிளை, நடுவுல"ன்னு சொல்லப் பழகுங்க. மிக்சர் தூவி பறவைய கிட்ட கூப்பிடறது, போன்ல சத்தம் போட்டு வெளிய வர வைக்கிறது, கூட்டுக்கு பக்கத்துல போய் செல்ஃபி எடுக்கறது எல்லாம் கூடவே கூடாது.

சென்னைக்காரங்களுக்கு பக்கத்துலயே இருக்கறது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் ஐடி கட்டடம், நடுவுல ரேடியல் ரோடு, இவ்ளோ நெருக்கடியிலயும் அங்க தாழைக்கோழி குஞ்சோட நடக்கும், இலைக்கோழி தாமரை இலை மேல ஓடும், சீசன்ல பூநாரை கூட்டம் வரும். 2022-ல அதுக்கு ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கற அங்கீகாரம், கிடைச்சது. ஓஎம்ஆர்ல வேலை பாக்குற நம்ம எல்லாரும் அந்த சதுப்ப அரிச்சு எழுந்த ஊர்லதான் உக்காந்திருக்கோம், அத உங்க ஸ்டாஃப் ஒருத்தர் வாரா வாரம் போய் பாத்து எண்ணி எழுதி வைக்கிறார்னா அது எவ்ளோ பெரிய வேலைன்னு அங்க போய் நின்னாதான் உறைக்கும். கொஞ்சம் தூரம் போகலாம்னா வேடந்தாங்கல், நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்லா இருக்கும். அந்த ஏரி பறவைய ஊர்க்காரங்க காப்பாத்திட்டு வர்றது இன்னிக்கு நேத்து கதை இல்ல, சுட வர்றவங்கள தடுக்கறதுக்காக 1798-லயே கலெக்டர்கிட்ட பட்டயம் வாங்கியிருக்காங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம், அது அவங்களுக்கு நல்லா தெரியும்.

நடக்கும்போது வேலைய பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. "அப்படியே அந்த ரிலீஸ் விஷயம்..."னு ஆரம்பிச்சீங்கன்னா போச்சு. அதுக்கு பதிலா ஆள கவனிங்க. ஆபீஸ்ல வாயே திறக்காதவர் அங்க பத்து சின்னப் பசங்களுக்கு பொறுமையா பைனாகுலர் ஃபோகஸ் பண்ணக் கத்துக் குடுப்பார். மீட்டிங்ல நிமிஷத்துக்கு ஒரு தடவ போன பாக்குறவங்க ஒரு புதர்முன்னாடி அரை மணி நேரம் அசையாம நிப்பாங்க. சந்தேகம் இருந்தா லிஸ்ட்ல ஏத்தாம விடுவாங்க, "நான் சரியா பாக்கல, அதனால எழுத மாட்டேன்"னு. இப்படிப்பட்ட ஆளுக்கு டெஸ்டிங் ரிப்போர்ட்டோ கணக்கு சரிபாக்குற வேலையோ நம்பிக் குடுக்கலாம்னு எனக்குத் தோணுச்சு, ஆனா அத அங்க வச்சு சொல்லல.

பைனாகுலர் இல்லாதவங்க

ஸ்டாஃப்னா கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கறவங்க மட்டும் கிடையாது. செக்யூரிட்டி அண்ணன், ஹவுஸ்கீப்பிங் அக்கா, கேப் ஓட்டுறவர், தோட்டத்துக்கு தண்ணி விடுற தாத்தா, இவங்கள்ல நிறைய பேர் ஊர்ல ஆடு மாடோட, வயலோட வளர்ந்தவங்க. இவங்கள யாரும் "நேச்சர் லவ்வர்"னு சொல்றது இல்ல. ஆனா என் அனுபவத்துல ஒரு கட்டடத்த சுத்தி என்ன உயிர் இருக்குன்னு ரொம்ப நல்லா தெரிஞ்சவங்க இவங்கதான், ஏன்னா நம்ம ஏசிக்குள்ள இருக்கோம், அவங்க வெளிய இருக்காங்க. நைட் டியூட்டி செக்யூரிட்டிக்கு எந்த மூலையில கூகை வந்து உக்காரும், மரநாய் எந்த பைப் வழியா இறங்கும்னு எல்லாம் தெரியும்.

எங்க கட்டடத்துல பார்க்கிங் ஓரமா மழைக்கு அப்புறம் புல் முளைச்சு கிடக்கும், மெயின்டனன்ஸ்காரங்க அத களைன்னு மருந்தடிக்க வந்தாங்க. ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தர் மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் அங்க குந்தி எதையோ கிள்ளி முந்தானையில போட்டுட்டு இருந்தாங்க. "என்னக்கா அது"ன்னு கேட்டேன். மூக்கிரட்டை, குப்பைக்கீரை, கொஞ்சம் தள்ளி வேலியில ஏறினது முடக்கத்தான்னு ஒவ்வொண்ணா கிள்ளி என் கையில வச்சாங்க, மூக்கிரட்டை இலைய திருப்பி அடிப்பக்கம் வெளிறி இருக்கறத காட்டி, இத வச்சுதான் அடையாளம் பாக்கணும், இளசா இருக்கும்போதே கிள்ளணும், பூ வந்துட்டா நார் ஆயிடும்னு சொன்னாங்க. எந்த மாசத்துல எது முளைக்கும், எது குழந்தைக்கு ஆகாது, எத பருப்போட போடணும், எத புளி விட்டு கடையணும்னு அவங்க சொல்லிட்டே போனத கேட்டா, இவ்ளோ நாளா இவங்ககிட்ட "அக்கா டேபிள் துடைச்சிட்டீங்களா"வ தாண்டி யாருமே எதுவும் கேட்டதில்லையேன்னு மனசு கஷ்டமா இருந்தது. அன்னிக்கு மருந்து அடிக்கிறத நிறுத்தச் சொல்லி மெயில் போட்டோம், ஒரு பக்கம் மட்டும் விட்டு வச்சாங்க.

இவங்ககிட்ட பேசும்போது பரீட்சை வைக்கிற மாதிரி கேக்காதீங்க. அவங்க சொல்ற பேர "இல்லக்கா, புக்ல இதுக்கு வேற பேர்"னு திருத்தாதீங்க, ஊருக்கு ஊர் பேர் மாறும், அவங்க ஊர்ப்பேரையே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. ஊர் எதுன்னு கேளுங்க, அதுலயே பாதி கதை வந்துடும். திருநெல்வேலி கூந்தன்குளம் பக்கம்னா அவங்க வீட்டு கொல்லை மரத்துலயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டியிருக்கும். சிவகங்கை வேட்டங்குடி பக்கம்னா பறவைக்காக தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்ல வளர்ந்திருப்பாங்க. செங்கல்பட்டு பக்கத்து இருளர் குடும்பத்துலேர்ந்து வந்தவங்களா இருந்தா பாம்ப பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சது பெரிய பெரிய ஆராய்ச்சியாளருக்கே பாடம், அந்த சமூகத்த சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இது தெரிஞ்சுக்கிட்டு, அதுக்காக பேஸ்மென்ட்ல பாம்பு வந்தா உடனே அந்த அண்ணன கூப்பிட்டு பிடிக்கச் சொல்லாதீங்க. அது அவர் வேலை இல்ல. வனத்துறைக்கு போன் பண்ணுங்க.

தெரிஞ்சுக்கிட்டத என்ன பண்ணக் கூடாது

ஒருத்தருக்கு மரம் பிடிக்கும்னு தெரிஞ்சதும் ஆபீஸ்ல உடனே அவர் தலையில "கிரீன் கமிட்டி"ய கட்டிடுவாங்க. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு பேனர் அடிக்கறது, மரக்கன்று வாங்கறது, எம்டிய நிக்க வச்சு போட்டோ எடுக்கறது எல்லாம் அவர் பொறுப்பு, அதுவும் சொந்த வேலைக்கு மேல, சம்பளம் இல்லாம. ஒரு மனுஷனுக்கு பிடிச்ச விஷயத்த அவருக்கே வெறுக்க வைக்கணும்னா இத விட நல்ல வழி கிடையாது. கேளுங்க, "இதுல உனக்கு இஷ்டம் இருக்கா"ன்னு கேளுங்க, இல்லன்னா விட்டுடுங்க. இஷ்டம்னு வந்தா அவர் சொல்றத கேளுங்க. சதுப்பு நிலத்துலயும் புல்வெளியிலயும் மரம் நடக் கூடாது, அந்த இடத்துக்கு அது கெடுதல்னு அவர் சொன்னா, நூறு கன்று ஏற்கனவே வாங்கியாச்சேன்னு இழுக்காதீங்க, வேற இடம் பாருங்க.

அடுத்தது, இடம். அவங்க நம்பி ஒரு ஆந்தை கூட்டையோ, நட்சத்திர ஆமை இருக்கற காட்டையோ, அபூர்வமான ஆர்க்கிட் செடி இருக்கற மரத்தையோ சொன்னாங்கன்னா அது உங்களோட நிக்கணும். ஆபீஸ் குரூப்ல லொகேஷன் போட்டீங்கன்னா அடுத்த ஞாயிறு அங்க இருபது கேமரா நிக்கும், நட்சத்திர ஆமைன்னா கடத்துறவங்களே வந்துடுவாங்க. ஈபேர்ட்லயே சில பறவையோட இடத்த வெளிய காட்டாம மறைச்சுதான் வைப்பாங்க.

அதே மாதிரி ஆளோட சொந்தக் கதை. நிறைய பேருக்கு இந்த ஆர்வம் ஒரு துக்கத்துலேர்ந்தோ, உடம்பு சரியில்லாம இருந்த ஒரு காலத்துலேர்ந்தோ, தவறிப்போன அப்பா கைய பிடிச்சு நடந்த வயக்காட்டுலேர்ந்தோ ஆரம்பிச்சிருக்கும். தானா சொன்னா கேட்டுக்கோங்க. தோண்டாதீங்க. சொன்னத அடுத்த டீம் மீட்டிங்ல "நம்ம இவரோட இன்ஸ்பைரிங் ஜர்னி"ன்னு ஸ்லைடா போட்டுடாதீங்க, அவங்க சம்மதம் இல்லாம ஒரு வரி கூட வெளிய போகக் கூடாது.

கிஃப்டும் லீவும்

கிஃப்ட் குடுக்கணும்னா லவ் பேர்ட்ஸ் கூண்டோட வாங்கிட்டுப் போய் நிக்காதீங்க, அவங்களுக்கு அது பெரிய வேதனை. பச்சைக்கிளிய கூண்டுல வளர்க்கறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றமே. நல்ல கிஃப்ட்னா தமிழ்ல படத்தோட இருக்கற பறவைக் கையேடு, ஆமை வாக் போறவங்களுக்கு சிவப்பு வெளிச்சம் வர்ற ஹெட்லைட் (வெள்ளை வெளிச்சம் ஆமைய குழப்பிடும்), மழைக்காலத்துல மலைக்குப் போறவங்களுக்கு அட்டை ஏறாத நீள சாக்ஸ், எல்லாரும் சேந்து காசு போட்டா எட்டுக்கு நாப்பத்திரெண்டு பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிசா காட்டும், முன்னாடி லென்ஸ் நாப்பத்திரெண்டு மில்லிமீட்டர்). என்ன மாடல்னு அவங்ககிட்டயே கேட்டு வாங்குங்க.

எல்லாத்தையும் விட அவங்க விரும்பறது நேரம். அதனால அவங்க சீசன் என்னன்னு ஒரு கணக்கு வச்சுக்கோங்க. செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல வலசை வர ஆரம்பிக்கும், ஆறுமணிக்குருவி ராத்திரியில பறந்து வந்து களைச்சுப் போய் கட்டடக் கண்ணாடியில மோதி வாசல்ல கிடக்கும். அப்படி ஒண்ணு உங்க ஆபீஸ் வாசல்ல கிடந்தா ஒரு அட்டைப் பெட்டியில நாலு ஓட்டை போட்டு இருட்டா அமைதியா வச்சிட்டு, வாயில தண்ணி ஊத்தாம, உங்க ஸ்டாஃப கூப்பிடுங்க, அந்த ஒரு போன் கால்ல நீங்க அவங்களுக்கு எவ்ளோ நெருக்கமாயிடுவீங்க பாருங்க. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி ஏரி சீசன். ஜனவரிலேர்ந்து மார்ச் ஆமை. மார்ச் ஏப்ரல்ல புங்க மரம் தளிர் விடும், கொன்றை பூக்கும், மரம் பாக்குறவங்க ஊர் ஊரா சுத்துவாங்க, ஆமைக்குஞ்சு பொரிச்சு கடலுக்குப் போறதும் இப்பதான். பருவமழை இறங்கினதும் மேற்குத் தொடர்ச்சி மலை பக்கம் தவளை பாக்கப் போவாங்க.

இதுல ஜனவரி நடுவுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு ஒண்ணு 2015-லேர்ந்து நடக்குது, பொங்கல் லீவ்லயே யார் வேணா அவங்க ஊர்ல, வயல்ல, மொட்டை மாடியில நின்னு பதினஞ்சு நிமிஷமாவது பறவைய எண்ணி ஈபேர்ட்ல ஏத்தலாம். ஊருக்குப் போற ஸ்டாஃப் எல்லாருமே, நீங்க உட்பட, இதுல சேரலாம், எப்படின்னு அவங்களே சொல்லிக் குடுப்பாங்க. அதனால பொங்கல் வாரத்துக்கு ஆன்-கால் ரோஸ்டர் போடும்போது அவங்கள காலை ஷிஃப்ட்ல போடாதீங்க, மதியத்துக்கு மேல எப்ப வேணா போட்டுக்கோங்க.